அம்மாவுக்கு ஈரலில் கட்டி: தமனி வழியாகக் கீமோ கொடுக்கலாம் என்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கடைக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. ஹெபடைடிஸ் பி இருப்பது 14 வருடமாகத் தெரியும். தினமும் மாத்திரை போடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தோம். போன வருடம் ஒரு ஸ்கேன் விட்டுப்போனது. விட்டது நான்தான். வேலை மாறிய சமயம், அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன் என்று தள்ளிப்போட்டேன், அப்படியே போய்விட்டது.

இந்தத் தடவை எடுத்தபோது வலது பக்கம் 6 செ.மீ. அளவில் ஒரு கட்டி, இடது பக்கம் 2 செ.மீ. அளவில் இரண்டு. ட்ரைஃபேசிக் சி.டி. எடுத்தார்கள். ஏ.எஃப்.பி. (இந்தக் கட்டிக்காக ரத்தத்தில் பார்க்கும் அளவு) 480. பிலிருபின் (காமாலை அளவு) 1.1, அல்புமின் 3.6. வயிற்றில் நீர் இல்லை. 'சைல்டு ஏ' என்று எழுதியிருக்கிறார்கள், ஈரல் இன்னும் ஓரளவு தெம்பாக இருக்கிறது என்று அர்த்தமாம். போர்ட்டல் சிரையில் அடைப்பு இல்லையாம்.

இரண்டு பக்கமும் இருப்பதாலும் ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருப்பதாலும் வெட்டி எடுக்க முடியாது என்றார் டாக்டர். "ரத்தக் குழாய் வழியா நேரா கட்டிக்கே கீமோ கொடுத்துட்டு, அதுக்குப் போற ரத்தத்தையும் அடைச்சிடலாம். டேஸ்னு பேரு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்றுமே புரியவில்லை என்பது புரிந்தது.

ஈரலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்தால் ஈரல் என்ன ஆகும்? கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கவே இல்லையே, படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறார்கள்? எத்தனை தடவை செய்ய வேண்டியிருக்கும்? அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "முடி கொட்டுமாடா?" பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுக்குக் கீமோ கொடுத்தபோது அம்மாதான் கூட இருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.


பழைய நர்ஸம்மா எழுதியது:

தம்பி, நான் ஆஞ்சியோ அறையில் 17 வருடம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை. அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய படங்களைப் பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை நான் சொல்கிறேன்.

ரத்தத்தை அடைத்தால் ஈரல் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தத்தைக் கொண்டு வருவது போர்ட்டல் சிரை. இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியில் இருந்து கிளை பிரிந்து வருவது ஈரல் தமனி. நல்ல ஈரலுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தத்தைப் போர்ட்டல் சிரைதான் தருகிறது. இந்த வகைக் கட்டியோ, வளர வளரத் தமனியின் கிளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்குப் போகும் ரத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தமனி ரத்தம்தான். பயிருக்கு ஒரு வாய்க்கால், களைக்கு ஒரு வாய்க்கால் என்று தனித்தனியாகப் பாய்கிற நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். களைக்குப் பாயும் மடையை அடைத்தால் பயிர் பிழைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரையில் அடைப்பு இல்லை என்று உங்கள் டாக்டர் பார்த்து வைத்திருப்பது இதனால்தான். அந்த வாய்க்கால் ஏற்கெனவே அடைத்திருந்தால், இதையும் அடைக்கும்போது நல்ல ஈரலும் சேர்ந்து காய்ந்துவிடும்.

ஊசி போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கும் இதே பதில்தான். ட்ரைஃபேசிக் சி.டி.யில், ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிய 'டை' என்ற மருந்தை ஏற்றிவிட்டு வெவ்வேறு நேரங்களில் படம் எடுக்கிறார்கள். டை தமனியில் இருக்கும் நேரத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். சிரைக்கு வந்து சேரும் நேரத்தில் ஈரல் வெளுத்துத் தெரிய, கட்டி மங்கிவிடும். ஈரல் சுருக்கமோ பல வருட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவருக்கு ஒரு செ.மீ.க்கு மேல் உள்ள கட்டி இப்படி நடந்துகொண்டால், சதை எடுத்துப் பார்க்காமலே முடிவு செய்யலாம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வழக்கம். எந்தத் தமனி அதைக் காட்டிக்கொடுத்ததோ, அந்தத் தமனி வழியாகத்தான் உள்ளே போகப்போகிறார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, அங்குள்ள தமனிக்குள் மெல்லிய வயரை விட்டு, அதன் மேல் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றுவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953-ல் எழுதிய முறை இது, இன்றும் அடிப்படை மாறவில்லை. சில இடங்களில் மணிக்கட்டு வழியாகவும் போகிறார்கள். பெருந்தமனியில் மேலே ஏறி, ஈரல் தமனிக்குள் திரும்பி, அங்கிருந்து அதைவிட மெல்லிய மைக்ரோ கதீட்டரைக் கட்டிக்குப் போகும் கிளை வரைக்கும் நகர்த்துவார்கள்.

நேரம் ஆவது இந்த இடத்தில்தான். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'ஒரு மணி நேரம்னு சொன்னாங்க, ரெண்டு மணி ஆச்சே' என்று பதறும். ஈரல் தமனி எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்கு வலது ஈரலின் தமனி குடலுக்குப் போகும் தமனியிலிருந்து கிளம்பும். பித்தப்பைக்குப் போகும் குட்டிக் கிளை பக்கத்திலேயே இருக்கும். இரைப்பைக்குப் போகும் கிளையும் அங்கேயே இருக்கும். மருந்து அதற்குள் போய்விட்டால் பித்தப்பை வீங்கும், இரைப்பையில் புண் வரும். அதனால் டாக்டர் கொஞ்சம் டை விடுவார், படம் எடுப்பார், ஒரு மில்லிமீட்டர் நகர்வார், மறுபடி டை விடுவார். ஒவ்வொரு படத்துக்கும் "மூச்சைப் பிடிங்கம்மா, அசையாதீங்க" என்பார்கள். அம்மாவை இப்போதே வீட்டில் மல்லாக்கப் படுத்து 15 விநாடி மூச்சைப் பிடித்துப் பழகச் சொல்லுங்கள். அந்தப் படம் கலையாமல் வந்தால் எல்லோருடைய வேலையும் சுலபமாகும். டை போகும்போது வயிற்றுக்குள் சூடு பரவுகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்தைக் கலப்பது எங்கள் கையில் இருந்த வேலை. டாக்சோரூபிசின் என்கிற கீமோ மருந்து சிவப்பு நிறம். லிபியோடால் என்கிற எண்ணெய் வெளிர் மஞ்சள். அது கசகசா விதை எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்தது, பிரான்ஸில் 1901-லேயே தயாரித்துவிட்டார்கள். ஒரு சிரிஞ்சில் சிவப்பு, இன்னொன்றில் எண்ணெய், நடுவில் மூன்று வழி திருகு. இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் திட்டுத்திட்டாக இருக்கும். போகப் போகக் கட்டை விரலுக்கு அழுத்தம் கூடும், அப்புறம் ஒரே சீரான குழம்பாகி நிறம் வெளுத்துவிடும். கலந்து வைத்துவிட்டு நகர முடியாது. விட்டால் எண்ணெய் தனியே, மருந்து தனியே பிரிந்துவிடும். டாக்டர் "ரெடி" என்று சொன்ன பிறகுதான் கடைசித் தள்ளு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிஞ்சைக் கையில் கொடுக்கும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். 17 வருடமும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் குழம்பு போக ஆரம்பித்ததும் திரையில் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாகத் திரண்டு வரும். எண்ணெயைக் கட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது, சுற்றியிருக்கும் ஈரல் நாளடைவில் வெளியேற்றிவிடுகிறது. கடைசியில் ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளை விட்டு அந்தக் கிளையை அடைப்பார்கள். மருந்து உள்ளேயே நிற்கும், புது ரத்தமும் வராது. சில இடங்களில் எண்ணெய்க்குப் பதிலாக மருந்தை உறிஞ்சிய நுண்மணிகளை அனுப்புகிறார்கள். அது அடைப்பதையும் மருந்தை மெல்ல விடுவதையும் சேர்த்தே செய்யும்.

முடி விஷயம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிற அளவு குறைவு. நான் பார்த்தவரைக்கும் சிலருக்குக் கொஞ்சம் உதிர்ந்தது, பெரியம்மாவுக்கு ஆனது போல் மொத்தமாகப் போனது இல்லை.

போவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: டை அலர்ஜி எப்போதாவது வந்திருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாரா, ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறாரா, முன்பு பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததுண்டா. ஹெபடைடிஸ் பி மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. இந்தச் சிகிச்சை சமயத்தில் வைரஸ் மறுபடி கிளம்பினால் ஈரல் தாங்காது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் யாராவது நிறுத்திவைத்தால், ஏன் என்று கேளுங்கள்.

விட்டுப்போன ஸ்கேனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 14 வருடம் கூட்டிப்போனவரும் நீங்கள்தானே தம்பி. இப்போதும் சைல்டு ஏ-யில் இருக்கிறார், போர்ட்டல் சிரை திறந்திருக்கிறது. கையில் இருப்பது இது, இதை வைத்துப் பார்ப்போம்.


நீல நோட்டு எழுதியது:

என் வீட்டுக்காரருக்கு மூன்று தடவை டேஸ் செய்தோம். நர்ஸம்மா உள்ளே நடப்பதை எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

முதல் தடவை இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் 101.4 காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல், விடாத விக்கல். கையில் கொடுத்த தாளில் மாத்திரைப் பெயர்களைத் தவிர வேறு ஒரு வரி இல்லை. கிருமி ஏறிவிட்டது என்று நினைத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஓடினோம். அங்கே இருந்த சின்ன டாக்டர், "இது எல்லாருக்கும் வர்றதுதானே, சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எங்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். இன்றும் எனக்கு அதில் கோபம் உண்டு.

கட்டி செத்துக் கரையும்போது வரும் காய்ச்சல், வலி, வாந்தி, அசதி எல்லாம் சேர்ந்ததுதான் அது. சில நாள், சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்களும் எகிறி இருக்கும், பிறகு இறங்கும். அன்று முதல் ஒரு நீல நோட்டில் நாளுக்கு நான்கு தடவை காய்ச்சலை எழுத ஆரம்பித்தேன். மூன்று தடவைக்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம், நான்காம் நாள் உச்சம், ஆறாம் நாளுக்குப் பிறகு இறக்கம். உங்கள் அம்மாவுக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல், இறங்கிய பிறகு மறுபடி ஏறும் காய்ச்சல், கண் மஞ்சளாவது, குழறிப் பேசுவது, கறுப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் கூட்டிப்போய்விடுங்கள். செத்த இடத்தில் சீழ் கட்டுவதும் உண்டு. எங்கள் பக்கத்து வார்டில் ஒருவருக்கு இரண்டு வாரம் கழித்து அப்படி ஆயிற்று. வலிக்கு மாத்திரை டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் கொடுங்கள். கடையில் கிடைக்கிற வலி மாத்திரைகளில் சிலது ஈரல் சுருங்கியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக எழுதவே உட்கார்ந்தேன். ஆறு வாரம் கழித்து சி.டி. எடுத்தோம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே, ஸ்கேன் எடுத்த இடத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டே பிரித்துப் படித்தேன். முன்னால் 7.1 செ.மீ. இருந்தது, இப்போது 6.8 செ.மீ. என்று போட்டிருந்தது. இவ்வளவு பட்டும் மூன்று மில்லிமீட்டர்தானா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கட்டி முழுக்க எண்ணெய் தங்கி வெள்ளையாக இருந்தது. டை ஏற்றி எடுத்த படத்தில் அதற்குள் எதுவும் புதிதாகப் பளிச்சிடவில்லை. ஓரத்தில் மட்டும் பிறை நிலா மாதிரி ஒரு கீற்று பளிச்சென்று இருந்தது. "அம்மா, இந்தக் கீற்றுதான் உயிரோட இருக்கு. மத்தது செத்துப்போச்சு. செத்தது சுருங்க மாசக்கணக்கா ஆகும், சில சமயம் சுருங்காமலே கிடக்கும். நான் அளக்கிறது இந்தக் கீற்றை" என்றார். எம்ரெசிஸ்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். மொத்த அளவை விட்டுவிட்டு, தமனி ரத்தம் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் அளப்பது. அந்த மாதமே ஏ.எஃப்.பி. 1,200-லிருந்து 90-க்கு வந்திருந்தது. நான் செ.மீ.யை மட்டும் பார்த்து அழுதிருக்கிறேன். இரண்டாம் தடவை அந்தக் கீற்றுக்குப் போகும் கிளையை மட்டும் தேடிப்பிடித்துச் செய்தார்கள்.

தம்பி, ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்காதீர்கள். 'உயிரோடு இருப்பது எவ்வளவு' என்று டாக்டரிடமே கேளுங்கள்.


மூத்தவன் எழுதியது:

எத்தனை தடவை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்பாவுக்கு அதைத்தான் கேட்டேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு முதல் தடவை நன்றாகவே போனது. இரண்டாவது முடிந்து மூன்று வாரத்தில் பிலிருபின் 1.4-லிருந்து 3.2 ஆயிற்று. வயிறு உப்பியது, காலில் வீக்கம். கட்டியில் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ரிப்போர்ட். நான் மூன்றாவது தடவை செய்யுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பாதி வேலையில் விடுகிறார்களே என்று டாக்டரிடம் குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன். அவர் நிதானமாக ஒன்று சொன்னார்: "கட்டியை இன்னொரு தடவை அடிக்க என்னால முடியும். அடியைத் தாங்க உங்க அப்பா ஈரலால முடியாது. இப்போ செஞ்சா கட்டி போகறதுக்கு முன்னாடி ஈரல் போயிடும்."

ஈரல் சுருங்கியவர்களுக்கு இரண்டு நோய் ஒரே சமயத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. புற்று ஒன்று, சுருக்கம் இன்னொன்று. சைல்டு என்று எழுதுகிறார்களே, அது பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளைக் குழப்பம் ஐந்தையும் கூட்டிப் போடும் மதிப்பெண். 5, 6 என்றால் ஏ. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் அதை மறுபடி போட்டுப் பார்த்துத்தான் அடுத்ததை முடிவு செய்வார்கள். 2002-ல் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இரண்டு ஆய்வுகள்தான் இந்தச் சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது என்று முதலில் காட்டியவை. அதில் எடுத்துக்கொண்டதே ஈரல் ஓரளவு தெம்பாக இருந்தவர்களைத்தான். இரண்டு தடவை செய்தும் கட்டி அசையவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யாமல் வேறு சிகிச்சைக்கு மாறுவதுதான் இப்போதைய நடைமுறை.

அப்பாவுக்குப் பிலிருபின் இறங்க இரண்டு மாதம் காத்திருந்தார்கள். பிறகு அட்டிசோலிஸுமாப், பெவாசிஸுமாப் என்ற இரண்டு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றினார்கள். உணவுக்குழாயில் ரத்தம் கசியக்கூடிய நரம்புகள் உண்டா என்று முன்பே எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், ஏனென்றால் இரண்டாவது மருந்து ரத்தக் கசிவை உண்டாக்கலாம். அதன் பிறகு ஒரு வருடம் நான்கு மாதம் இருந்தார். அதில் ஏறக்குறைய ஒரு வருடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடினார். நான் அன்று அடம்பிடித்து ஜெயித்திருந்தால் அந்த ஒரு வருடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்த டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.


கடைக்குட்டி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு நர்ஸம்மா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். இரண்டு வாய்க்கால் வந்த இடத்தில் "இருடா, இன்னொரு தடவை படி" என்றார். இப்போது மூச்சுப் பயிற்சி நடக்கிறது, நான் கடிகாரம் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு குழப்பம். மாமா பையன், டேஸ் பழசாகிவிட்டது, இப்போது ஹேய்க் என்று வந்திருக்கிறது, அடைக்காமலே தமனியில் கீமோ விடுகிறார்கள், அதைக் கேள் என்கிறான். வேறொருவர் வயிற்றுக்குள் பம்ப் வைப்பார்கள் என்கிறார். எல்லாம் ஒன்றா, வேறு வேறா? ஈரலையே மாற்றிவிட முடியாதா என்று அக்கா கேட்கிறாள்.


பழைய நர்ஸம்மா எழுதியது:

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். 15 விநாடி வந்துவிட்டால் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

மூன்றும் தமனி வழியாகப் போவதுதான், ஆனால் வேறு வேறு. ஹேய்க்கில் அடைப்பது இல்லை. ஈரல் தமனியில் கதீட்டரை நிறுத்திவிட்டு, ஆக்சாலிபிளாட்டின், லூகோவொரின், ஃப்ளூரோயுராசில் என்ற மருந்துகளை மணிக்கணக்காக, சில முறைகளில் இரண்டு நாள் வரைக்கும் சொட்ட விடுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப நடக்கும். கதீட்டர் உள்ளே இருக்கும்வரை காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், வயதானவர்களுக்கு அதுவே பெரிய பாடு. சீனாவில், குவாங்சோவில் உள்ள மருத்துவர்கள் 7 செ.மீ.க்கு மேற்பட்ட, வெட்ட முடியாத கட்டிகளில் இரண்டையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். நடுத்தர ஆயுள் ஹேய்க்கில் 23.1 மாதம், டேஸில் 16.1 மாதம். அது பெரிய கட்டிகளுக்கு வந்த கணக்கு. போர்ட்டல் சிரையில் கட்டி புகுந்தவர்களுக்கும் அடைக்காத இந்த முறையைச் சில நாடுகளில் யோசிக்கிறார்கள். அம்மாவின் கட்டி 6 செ.மீ., சிரை திறந்திருக்கிறது. அதனால் டேஸ் பழசு என்று ஒதுக்குவது சரியில்லை. மாமா பையன் கேட்டதிலும் தப்பில்லை, டாக்டரிடமே கேளுங்கள். அவர் ஒரு காரணம் சொல்வார். சொல்லவில்லை என்றால் இன்னொருவரிடம் படங்களைக் காட்டலாம்.

பம்ப் என்பது பெரும்பாலும் பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியவர்களுக்கு. வயிற்றுத் தோலுக்கு அடியில் வட்டமான பம்பை அறுவை செய்து வைத்து, ஃப்ளாக்ஸ்யூரிடின் என்ற மருந்தை ஈரல் தமனிக்குள் நாள் முழுக்க மெல்ல விடுவார்கள். அந்த மருந்தைப் பெரும்பாலும் ஈரலே முதல் சுற்றில் உறிஞ்சிவிடும், உடம்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அம்மாவின் நோய் ஈரலிலேயே பிறந்தது, அந்த வழி இவருக்கானது இல்லை.

மாற்று ஈரல் பற்றி அக்கா கேட்டது நல்ல கேள்வி. மிலான் அளவுகோல் என்று 1996-லிருந்து ஒன்று இருக்கிறது: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். அம்மா இப்போது அதற்கு வெளியே. ஆனால் டேஸ் செய்து உயிருள்ள பகுதியை அந்த அளவுக்குள் கொண்டுவந்து, சில மாதம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு மாற்று ஈரலுக்குப் போனவர்கள் உண்டு. நீல நோட்டு சகோதரி சொன்ன அதே கீற்றுக் கணக்குதான் அங்கேயும். வயது, இதயம், ஏ.எஃப்.பி. எல்லாம் பார்ப்பார்கள். வியாழக்கிழமைக்கு முன்பே 'அது ஒரு வழியாக இருக்குமா' என்று கேட்டு வைத்துவிடுங்கள்.

மூத்தவன் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த மாதிரி 'போதும்' என்று சொல்லத் தெரிந்த டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு அவர்கள் அறைக்குள் வந்து சும்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.


கடைக்குட்டி எழுதியது:

வியாழக்கிழமை முடிந்தது. இரண்டே கால் மணி நேரம். வலது பக்கத்துப் பெரிய கட்டிக்கு மட்டும் இப்போது செய்திருக்கிறார்கள். இடது பக்கத்தை ஈரல் எப்படித் தேறுகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "மூச்சை நல்லாப் பிடிச்சேன்னு சொன்னாங்கடா." ஆறு மணி நேரம் காலை நீட்டியே வைத்திருந்தார்.

இன்று நான்காம் நாள். நேற்று சாயங்காலம் 101, இன்று காலை 99.8. நானும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன், பச்சை அட்டை. குமட்டல் இருக்கிறது, விக்கல் இல்லை. கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது, தினமும் ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்க்கிறேன். ஹெபடைடிஸ் மாத்திரை ஒரு நாளும் விடவில்லை. மாற்று ஈரல் பற்றிக் கேட்டேன், ஆறாவது வார சி.டி. பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார், கதவை மூடவில்லை.

ஒரு சந்தேகம். தொடை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. இது இருக்கலாமா?


பழைய நர்ஸம்மா எழுதியது:

இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கும். தோலுக்கு அடியில் கொஞ்சம் ரத்தம் கசிந்த தடம். ஒரு பேனா எடுத்து அந்த நீலத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்துவிடுங்கள். நாளைக்கு நீலம் கோட்டைத் தாண்டினாலோ, தொட்டால் கட்டியாக, உள்ளே துடிக்கிற மாதிரி இருந்தாலோ, கால் சில்லிட்டாலோ, தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னாலோ உடனே கூட்டிப்போங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். கனமாக எதையும் தூக்க விடாதீர்கள்.


கடைக்குட்டி எழுதியது:

நேற்று ராத்திரியே வரைந்துவிட்டேன். "என்னடா இது, காலில் வரைபடம் போடுறே" என்று கேட்டுக்கொண்டே காட்டினார். இன்று காலை பார்த்தேன். நீலம் கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஓரம் மஞ்சளாக ஆரம்பித்திருக்கிறது. காய்ச்சல் 99.2.